தொடர்புக்கு ஒரு பெயர்

ஊரப்பாக்கம்
புதன்கிழமை

அன்பு மகன் தீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் தங்கச்சியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் இதை நான் சொல்லச் சொல்ல தங்கச்சி ஜெயஸ்ரீ எழுதுகிறாள். மழை இரண்டு நாள் கொட்டியது, தெருமுனையில் முழங்கால் தண்ணீர், இப்போது வடிந்துவிட்டது. ஆடி கழிந்ததும் ஜாக்கெட் தைக்கக் குவிந்துவிட்டது, தங்கச்சி கொக்கி தைத்துக் கொடுக்கிறாள், ஆனால் பரீட்சை வருகிறது என்று அவளை நான் அதிகம் உட்கார வைப்பதில்லை. மறைமலை நகர் ஜெயவேலு போன வாரம் வீட்டம்மாவோடு வந்து போனார். பெண்ணுக்கு உன் போட்டோ பிடித்திருக்கிறதாம், தையில் நிச்சயம் வைக்கலாமா என்று கேட்டார், நல்ல மனிதர்கள், காபியில் சர்க்கரை போதாததைக் கூடச் சொல்லாமல் குடித்தார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் குளிக்காதே. ரூமில் சமையல் முறை உனக்கு வருகிற நாளில் பருப்புப் பொடியாவது போட்டுச் சாப்பிடு, ஒரு கிலோ அரைத்து வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தோடு பார்சலில் வரும். கண் எரிகிறது, மீதியைக் காலையில் சொல்கிறேன்.

அண்ணா, இதற்குக் கீழே எழுதுவது நான். அம்மா தூங்கிவிட்டாள், நான் சமையல்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை, காலையில் நான்தான் படித்துக் காட்டுவேன், அப்போது இந்தப் பகுதியைத் தாண்டிவிடுவேன். போனில் சொல்லலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போடாமல் பேசியதே இல்லை, உன் ரூமிலும் நாலு பேர். அதனால்தான். படித்துவிட்டு உடனே அம்மாவுக்குப் போன் போடாதே, முழுதும் படி.

போன திங்கட்கிழமை நான் ஸ்கூல் விட்டு வரும்போது எதிரே பதினாலாம் நம்பர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் ஞானையா தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார், இன்னாமா, இங்க லோகநாயகின்னு யாராச்சும் கீறாங்களா, இந்த அக்கா தேடிக்கினு வந்து கீது என்று. பக்கத்தில் தோள் பையோடு ஒரு அக்கா, போதும் அண்ணா, நானே பார்த்துக்கிறேன் அண்ணா என்று அவர் வாயை அடைக்கப் பார்த்தார், ஞானையா விடவில்லை, இரும்மா, இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத ஆளா என்றார். அம்மா பெயரைக் கேட்டதும் நான் போய் என்ன வேண்டும் என்று கேட்டேன். அந்த அக்கா பெயர் ஜெரூஷா. தையல் வகுப்பு விஷயமாக வந்ததாகச் சொன்னார். நான் மாடிக்குக் கூட்டி வந்தேன். அவரைப் பார்த்ததும் அம்மா கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, பால் வாங்கி வா என்று என்னை அனுப்பினாள். வீட்டில் பால் இருந்தது. நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன், எல்லாம் கேட்டது.

அண்ணா, அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. அப்பா போனதும் அதனால்தான், நமக்கு நுரையீரல் என்று சொன்னார்கள். நாம் இரண்டு பேரும் பிறந்து வெகு நாள் கழித்துத்தான் அப்பாவுக்கு வந்திருக்கிறது. அப்போதே நமக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாளாம், மஞ்சள் காமாலைக்கு என்று உன்னைக் கூட்டிப் போனாளே, அதுதான். நமக்கு ஒன்றும் இல்லை. அம்மாவும் ஏழு வருஷமாக மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தாள். ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக் குறைந்திருந்ததாம், ஜெரூஷா அக்கா சொன்னார், தையல் வகுப்பு என்றது சும்மா, அவர் அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். முதல் நாள் பதியும்போது பயத்தில் விலாசத்தை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். எதிர் வீட்டு நம்பர். அப்போது அது வேலிகாத்தான் முளைத்த வெறும் மனை, உனக்கு ஞாபகம் இருக்கும், கிரிக்கெட் பந்து தேடுவாயே. யார் வந்து அங்கே தேடப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். இப்போது அதில் பன்னிரண்டு வீடு, ஒரு ஞானையா.

ஆனால் நான் பயப்படுவது அதற்காக இல்லை. அம்மா இரண்டு மாதமாக மாத்திரை வாங்கப் போகவில்லை. காரணம் உன் கல்யாணம். ஜெயவேலு வீட்டுப் பெரிய பெண்ணுக்கு, உனக்குப் பார்த்திருக்கிற பெண்ணின் அக்காவுக்கு, அதே ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டரில் பதிவு போடுகிற வேலை கிடைத்திருக்கிறது. அவர்கள் அதைப் பெருமையாகச் சொன்ன அன்றைக்கே அம்மா முடிவு செய்துவிட்டாள். முன்பெல்லாம் பெரிய நோட்டில் எழுதுவார்களாம், யார் வரவில்லை என்று புரட்டிக் கண்டுபிடிக்கவே மாதக்கணக்கு ஆகுமாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள், மாத்திரை தீர்கிற நாள் தாண்டினால் பெயர் தானாகப் பட்டியலில் வந்துவிடுகிறது, அதை வைத்துத்தான் ஜெரூஷா அக்கா தேடி வந்தார். அம்மா கொடுத்த போன் நம்பரும் பழசு, அதனால் மூன்று முறை வந்து அலைந்திருக்கிறார். அந்தப் பெண் உட்காருவது சீட்டு கொடுக்கிற இடம், எங்கள் பக்கத்துக் கணக்கு அவங்களுக்குத் திறக்கவே திறக்காது, அதற்குத் தனிப் பூட்டு என்று அக்கா எவ்வளவோ சொன்னார். அதற்கு அம்மா சொன்னது எனக்கு மறக்கவே இல்லை. கம்ப்யூட்டரைப் பூட்டிட்டீங்கம்மா, வராண்டாவ யாரு பூட்டறது, நான் எந்த வரிசையில நிக்கிறேன்னு நடந்து போறவங்களுக்குத் தெரியாதா என்றாள். நீங்க சொல்றது சரிதான்க்கா என்றார் ஜெரூஷா அக்கா.

அதனால் செங்கல்பட்டுக்கு மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்திருக்கிறார். அம்மாவுக்கு ஒரு எண் இருக்கிறது, அதைச் சொன்னால் ஏழு வருஷக் கணக்கும் அங்கே வந்துவிடுமாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ரயிலில் போய் வரலாம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு படிவம் கொடுத்தார், அப்போது நான் உள்ளே போய், எல்லாம் கேட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரியான விலாசத்தை அம்மா சொன்னாள், நான் எழுதிக் கொடுத்தேன். தொடர்புக்கு ஒருவர் பெயரும் நம்பரும் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதுதான் காலி. கட்டாயம் இல்லை, ஆனால் இந்த முறை மாதிரி ஆனால் கூப்பிட ஒருத்தர் வேண்டுமே என்று அக்கா சொன்னார். நான் எழுதுகிறேன் என்றேன், பதினெட்டு ஆகவேண்டுமாம். அண்ணன் நம்பரை எழுதட்டுமா என்று கேட்டேன். அம்மா படிவத்தைப் பிடுங்கி மெஷின் டிராயரில் போட்டுவிட்டாள். செங்கல்பட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நிச்சயம் முடியட்டும், அதுவரைக்கும் செத்தா போயிடுவேன் என்கிறாள். உன்னிடம் சொல்லமாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது, அதைவிட ராத்திரி அம்மா இருமும்போது இன்னும் பயமாக இருக்கிறது. விட்டுவிட்டுச் சாப்பிட்டால் அந்த மாத்திரையே கேட்காமல் போகலாம் என்று ஜெரூஷா அக்கா சொன்னதும் என் காதில் விழுந்தது.

கல்யாண விஷயம் எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நீயும் அம்மாவும் பார்த்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கூரியரில் போட்டால் பார்சல் வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றார்கள். சனிக்கிழமை நீ பேசும்போது அழாதே, கோபப்படாதே, ஏன் மறைத்தாய் என்று கேட்காதே. அம்மா, அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுது என்று மட்டும் சொல். நான் சொல்லிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், அடி வாங்கிக்கொள்கிறேன், பரவாயில்லை. திங்கட்கிழமை அவள் ரயில் ஏறினால் போதும்.

வியாழன் காலை. அம்மா சொல்கிறாள். தீனா, நேற்று சரியாகத் தூக்கம் இல்லை, வேறொன்றும் இல்லை, யோசனைதான். நீ எந்த ஊரில் இருந்தாலும் நல்ல பெயரோடும் நல்ல உடம்போடும் இருக்கவேண்டும், உன் கையில் எடுத்த காரியம் எல்லாம் நடக்கவேண்டும், அதுதான் நான் தினமும் விளக்கேற்றும்போது கேட்பது. பொடி டப்பாவை ஈரக் கரண்டியால் எடுக்காதே. இன்னொன்று, சனிக்கிழமை மறக்காமல் பேசு, பேசும்போது வெளியே தனியாக வந்து நில். உன் பெயரையும் நம்பரையும் ஒரு இடத்தில் கொடுக்கவேண்டியிருக்கிறது. உன்னைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எதற்கு என்று அப்போது நானே சொல்கிறேன், பதறாதே.

இப்படிக்கு,
உன் அம்மா,
லோகநாயகி
(எழுதியது ஜெயஸ்ரீ)