எனக்கும் ஒரு வெண்குடை

ஞாயிறு, இரவு

நான் ஜமீன் வாரிசாம்! காக்களூரில் வெல்டராக வேலை செய்யும் அப்பாவைக் கட்டிக்கொண்டதற்காகத் தாத்தா அம்மாவைத் தலைமுழுகிவிட்டார். இப்போது தாத்தா உயிரோடு இல்லை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை வாங்க ஒரு வாரிசு வேண்டுமென்று, கும்மிடிப்பூண்டி தாண்டி இருக்கும் தாத்தாவின் ஊருக்கு என்னை மட்டும் கூப்பிட்டார்கள், ஊர்க்காரர்கள். அம்மா துணைக்கு வந்தாள்.

தலைக்கு மேல் வெண்குடை. காலைத் தடுக்கும் பட்டுப்புடவை. பூசாரியின் காலை மிதித்துவிட்டேன். அவரோ என்னைக் கும்பிட்டார்! வியர்வையில் கண்ணாடி மூக்கில் வழுக்கியது. சரிசெய்யக் கையைத் தூக்கினேன். மேளம் சட்டென்று நின்றது. ஊரே மூச்சுவிடாமல் என்னைப் பார்த்தது.

“இன்னா வோணும், சொல்லுங்க தாயி,” என்றார் மேளக்காரர்.

கண்ணாடி வழுக்குகிறது என்று எப்படிச் சொல்வது? கூட்டத்துக்குப் பின்னால், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் அம்மா நின்றிருந்தாள்.

“நீயும் வாம்மா. தனியா நடந்தா உழுந்துடுவேன்,” என்றேன்.

யாரும் மறுக்கவில்லை. அத்தனை பேரும் விலகி அம்மாவுக்கு வழிவிட்டார்கள். அழுதுகொண்டே வந்து குடைக்குள் நின்றாள். “கைய எறக்குடி, அவங்க மேளம் அடிக்கட்டும்,” என்றாள்.

வகுப்பில் நான் கெஞ்சினாலும் பெஞ்சில் ஒருத்திகூட நகர்ந்து உட்காரமாட்டாள். இன்று ஓர் ஊரே நகர்ந்தது.