அவர் பாடியபோது

மாசி, ஞாயிறு இரவு

சிதம்பரத்திலிருந்து இப்போதுதான் கடலூர் வந்து சேர்ந்தோம். கால் வீங்கியிருக்கிறது. சேலையைக்கூட மாற்றவில்லை.

இத்தனை வருஷம் பார்க்க ஆசைப்பட்ட பாடகரைக் கச்சேரியில் நேரில் பார்த்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும்.

நேற்று ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. காலையில் வந்து சமைத்து, துணி துவைத்து, படுக்காமலே பஸ் ஏறினேன். முதல் பாட்டுகளுக்கெல்லாம் கைதட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தேன். பிறகு என் பாட்டை ஆரம்பித்தார். டூட்டி முடிந்து வரும் காலைகளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, போனில் அதைப் போட்டுக்கொண்டுதான் தூங்குவேன். பல்லவி முடிவதற்குள் கண் சொக்கிவிடும். இன்றும் அப்படியே ஆகிவிட்டது. விழித்தபோது ஜனம் எழுந்து போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க எழுப்பல?" என்று பஸ்ஸில் இவரிடம் சண்டை போட்டேன்.

"எப்படி எழுப்புறது? தோள்ல சாஞ்சி அசந்து தூங்கின. நீ அப்படித் தூங்கிப் பாத்து எவ்ளோ நாளாச்சி. நான் ஆடாம அசையாம ஒக்காந்திருந்தேன். பாட்ட முழுசா வீடியோ எடுத்து வச்சிருக்கேன், பாத்துக்கோ."

இப்போது போட்டுப் பார்த்தேன். மேடையில் அவர் புள்ளியாகத் தெரிகிறார். குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கும் மேலே, போனுக்குப் பக்கத்திலேயே, என் குறட்டை. சரணம் முழுக்க.

அழித்துவிடலாமென்று விரலை வைத்தேன். மனசு வரவில்லை. மறுபடி போட்டேன். இவர் அந்தப் பக்கம் திரும்பித் தூங்குகிறார். நான் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கும் நைட் டூட்டி. முடிந்து வந்து எதைப் போட்டுக்கொண்டு தூங்குவேனோ.