எந்தப் பெயரைப் பொறிப்பது

லேண்டர், வயோமிங்
மார்ச் 9

அன்புள்ள ப்ரின்னுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், லைல் மாமா, நாய் மூன்று பேரையும் காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டவில்லை, அங்கே அலாஸ்காவில், கீனாயில், உன்னையும் ஆன்செலையும் அதேபோல எதுவும் அண்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. உன் கடிதம் வந்து இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி லேபில் இரண்டு பேர் விடுப்பில் போய்விட்டார்கள், ஊர் ரத்தமெல்லாம் என் மேஜைக்குத்தான் வருகிறது என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை, ஆனால் பதில் எழுதாததற்கு அது காரணம் இல்லை. உன் கடிதத்தில் கிளென்டா என்ற பெயர் பதினோரு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். அம்மா என்ற சொல் இரண்டு இடத்தில், ஒன்று தொடக்கத்தில், இன்னொன்று 'பெட்டகச் சாவி அம்மாவிடம்தானே இருக்கிறது' என்ற இடத்தில். மகள் தன் வருங்கால மாமியாரோடு ஒத்துப்போகிறாள் என்றால் எந்தத் தாயும் சந்தோஷப்பட வேண்டும். நானும் பட்டேன், ஓர் அரை மணி நேரம்.

அவர் அனுப்பிய புகைபோட்ட சால்மன் ஜாடி இரண்டும் வந்து சேர்ந்தன, நன்றி சொல்லிவிடு. நான் திறக்கவில்லை, லைலிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதை பிஸ்கட்டில் வைத்துத் தின்றுகொண்டே "அக்கா, இத்தனை வருஷமா நீ எனக்குப் போட்டது மீனுன்னு நெனச்சுட்டு இருந்தேன் பாரு" என்றான். அவனுக்கு முட்டி வலி இன்னும் போகவில்லை, சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டியில் ஏறி இறங்கியே அது தேய்ந்துவிட்டது, ஆனால் வாய் மட்டும் தேயவில்லை.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்டல் என் பெட்டகத்தில் எண்ணெய் போட்டபடி பத்திரமாக இருக்கிறது. நீ கனடா வழியாக வண்டி ஓட்டிக்கொண்டு போனதால், எல்லையில் விடமாட்டார்கள் என்று அதைக் கொண்டுபோக முடியாமல் விட்டுப் போனாய், அன்றைக்கு வைத்த அதே தட்டில்தான். அதை நாம் இரண்டு பேரும் சேர்ந்து என் சமையலறை மேஜையில் பாகங்களைக் கோத்துச் செய்தோம் என்பதை நீ கிளென்டாவிடம் சொல்லியிருக்கிறாயா என்று தெரியவில்லை. நீ பெய்லி பண்ணையில் குட்டி ஈனும் ஆடுகளுக்குக் காவல் போன வருஷம், குட்டிகளைத் தூக்க வரும் கொயோட்டி நரிகளைச் சுட, வண்டிக்குள்ளிருந்து எடுக்கத் தோதாகக் குட்டையாக ஒன்று வேண்டும் என்றாய், பாகம் பாகமாக வாங்கினோம், அந்தச் சின்ன ஸ்பிரிங் விர்ரென்று பறந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் விழுந்தது, நான் டார்ச்சும் கையுமாகத் தரையில் படுத்துத் தேடினேன், நீ சிரித்துச் சிரித்து உதவாமல் நின்றாய். பார்த்தால் ரைஃபிள், சட்டத்தில் பிஸ்டல், ஏனென்றால் குழல் குட்டை, பின்னால் இருப்பது முன்கையில் கட்டிக்கொள்ளும் பட்டைப் பிடி. இப்போது அந்தப் பிடியைக் கழற்றிவிட்டு, தோளில் வைத்துச் சுடும் கட்டையைப் போட வேண்டும் என்கிறாய், அப்போதுதான் குறி நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை சுடப் பழகும் ஜல்லிக்குழியில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், நீ வேலைக்குப் போகும் சின்ன விமானத்தில் நீளக் குழல் இடிக்கிறது, கிளென்டாவும் அதையேதான் சொல்கிறார். கட்டையை அவரே கல்யாணப் பரிசாக வாங்கித் தருகிறார் என்றும் எழுதியிருந்தாய். நான் அந்த வரியில் நின்றுவிட்டேன்.

அதனால் ஒரு காரியம் செய்தேன், அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, லைல் இதை எழுதவே கூடாது என்றான், எழுதுகிறேன். கிளென்டாவுக்கு முன்னால் நான் வாங்கிவிட வேண்டும் என்று அன்றைக்கே ஒரு கட்டைக்குச் சொல்லிவிட்டேன், நல்லது, கன்னம் வைக்கும் இடம் அகலமானது, உன் முகத்துக்குப் பொருந்தும். போன மாதக் கடைசி சனிக்கிழமை வந்தது. முதலில் விண்ணப்பம், விரல் ரேகை, போட்டோ, அரசு அனுமதி, அதன்பிறகுதான் கட்டை என்று நீ எழுதியது எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்துக்கொள்வதற்குத்தானே அனுமதி, ஐந்து நிமிஷம் மாட்டிப் பார்ப்பதற்கு என்ன, ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினால் அவர் கட்டை வாங்குவதற்கு முன்னால் நீ என்னுடையதைப் பார்த்துவிடுவாய் என்று நினைத்தேன். பிடியைக் கழற்றி, கட்டையைப் போட்டு, மேஜைமேல் வைத்து, ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி திருப்பிக்கொண்டிருந்தபோது லைல் உள்ளே வந்தான். உனக்கு அவனைத் தெரியுமே, எதற்கும் தொப்பியைக் கழற்றாதவன், கழற்றினான். "அக்கா, இதுக்குப் பேப்பர் வந்துடுச்சா" என்றான். "எந்தப் பேப்பர், நான் சும்மா மாட்டிப் பாக்கறேன்" என்றேன். "சும்மாவா, இதையே ஜட்ஜ்கிட்ட சொல்லு, அவரும் உன்னைப் பத்து வருஷம் சும்மா உள்ள வெச்சுப் பாப்பாரு. மாட்டின நிமிஷம் இது பிஸ்டல் இல்ல அக்கா, செஞ்சாச்சு, அனுமதியில்லாம குட்டை ரைஃபிள் செஞ்சாச்சு, அதுவும் ப்ரின்னோட துப்பாக்கியில. காலேஜு படிச்சவ, ஊர்க்காரன் ரத்தத்துல என்ன இருக்குன்னு கண்டுபுடிக்கறவ, ஒரு பக்கம் படிச்சுப் பாக்கமாட்டியா" என்று கத்தினான். அவனே கட்டையைக் கழற்றிப் பழையபடி பிடியைப் போட்டான். கட்டையை அப்போதே தன் வண்டியில் எடுத்துப் போய்விட்டான், துப்பாக்கியும் கட்டையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதே தப்பாகப் படும் என்று. போட்டோ எடுக்கவில்லை, கடவுள் புண்ணியம். அன்றைக்குத்தான் உறைத்தது, நான் யாரோ ஒரு பெண்ணை முந்த வேண்டும் என்று உன்னைக் கோர்ட்டில் நிறுத்தப் பார்த்திருக்கிறேன் என்று. மன்னித்துக்கொள், ஆனால் திட்டி எழுதாதே, லைல் போதுமான அளவு திட்டிவிட்டான், ஆளைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன, இன்னிக்கு சும்மா எதை மாட்டின" என்கிறான்.

திங்கட்கிழமை மதியம் டுவேன் கடைக்குப் போனேன், துப்பாக்கி வியாபாரத்தில் அவருக்குத் தெரியாத படிவம் இல்லை. நடந்ததைச் சொல்லவில்லை, பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் காப்பியை வைத்துவிட்டு விளக்கினார். மாற்றாமல் பிஸ்டலாகவே விடலாம். பதினாறு அங்குலக் குழல் போட்டுச் சாதாரண ரைஃபிளாக்கலாம், எந்த அனுமதியும் வேண்டாம், ஆனால் உன் விமானத்தில் இடிக்கும். குட்டையாகவே ரைஃபிளாக்கினால் செய்தவர் பெயரும் ஊரும் உலோக உடலில் பொறிக்க வேண்டும், அழியாத ஆழத்துக்கு. அதை மகளோடு சேர்ந்து செய்ததே நான்தானே டுவேன் என்றேன். "படிவத்துல யாரு கையெழுத்துப் போடறாங்களோ அவங்கதான் செஞ்சவங்க ஷானா, நீ ஃபிரிட்ஜுக்குப் பின்னால படுத்துத் தேடுனதெல்லாம் கவர்மென்ட்டுக்கு வேண்டாம்" என்றார். நீ எழுதியிருந்தபடி கிளென்டா குடும்பத்து டிரஸ்ட் பெயரில் போட்டால் என்று கேட்டேன். அப்போது செய்தது டிரஸ்ட், பொறிப்பதும் டிரஸ்ட் பெயர்தான் என்றார். ஆக, நம் மேஜையில் பிறந்த துப்பாக்கியில் 'வாஸ் குடும்ப டிரஸ்ட், கீனாய், அலாஸ்கா' என்று இருக்கும். நம் பெயர் அதில் எங்கேயும் இருக்காது ப்ரின்.

கிளென்டா புதன்கிழமை போன் செய்தார். நீதான் நம்பர் கொடுத்திருப்பாய். குரல் நன்றாகவே இருந்தது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "ஷானா, டிரஸ்ட்ல உங்க பேரையும் சேத்துடறேன்பா, ரெண்டு விரல் ரேகை அட்டை, ஒரு போட்டோ அனுப்புங்க, அப்புறம் நீங்க இங்க வந்தா நாம ரெண்டு பேரும் அதை எடுத்துட்டுப் போய் சுடலாம், பொண்ணு வேலைக்குப் போயிருந்தாலும் தப்பில்ல" என்றார். என் வீட்டுக் கதவை அவர் திறந்து என்னையே உள்ளே வரச்சொல்கிற மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு அவர் நீ எவ்வளவு நிதானமாகச் சுடுகிறாய், மூச்சை எப்படிப் பாதியில் நிறுத்துகிறாய் என்று புகழ்ந்தார், மூச்சை நிறுத்தச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அந்த மனுஷி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி.

இப்போது என் யோசனையைச் சொல்கிறேன், பொறாமை பேசுகிறது என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே, பொறாமைதான், ஆனால் அதில் நியாயமும் இருக்கிறது. டிரஸ்டில் போனால் அது உன் துப்பாக்கி இல்லை, டிரஸ்டின் துப்பாக்கி. அதில் பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆன்செல் நல்ல பிள்ளை, நீங்கள் நூறு வருஷம் சேர்ந்திருக்க வேண்டும், ஆனால் பிரிகிற நாள் ஒன்று வந்தால் உன் சொந்தப் பொருளை வெளியே எடுக்க நீ இன்னொரு விண்ணப்பம் போட்டு, இன்னொரு குடும்பத்தைக் கையெழுத்துக் கேட்டு நிற்க வேண்டும். பதினேழு வயதில் உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒருவனிடம் கையெழுத்துக் கேட்டு நின்றவள் சொல்கிறேன். உன் பெயரில் மட்டும் பதிந்தால் என்ன ஆகும் என்று டுவேனைக் கேட்டேன். "அவ பக்கத்துல இல்லாதப்ப வேற யாரும் அதை வெச்சுக்கக் கூடாது. நீயும் கூடாது, அந்த அலாஸ்கா அம்மாவும் கூடாது" என்றார். கடைசிப் பாதியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். வண்டியில் ஏறிய பிறகுதான், எனக்கு இல்லை என்றாலும் பரவாயில்லை அவருக்கும் இல்லை என்று இவ்வளவு சந்தோஷப்படுகிறோமே என்று எனக்கே என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது வேறு. அது மாறாமல் பிஸ்டலாகவே என் பெட்டகத்தில் கிடக்க வேண்டும், அதற்காகவாவது நீ வருவாய், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணைப் பிடித்து வைக்க ஒரு பெட்டகச் சாவி போதும் என்று நினைத்திருக்கிறேன். ஆகவே வியாழக்கிழமை அதை டுவேனிடம் ஒப்படைத்துவிட்டேன், பிஸ்டலாகவே, பட்டைப் பிடியோடு, கீனாயில் நீ சொன்ன கடைக்கு அவர் அனுப்பிவிட்டார். நீ உன் அடையாள அட்டையோடு போய் வாங்கிக்கொள். மாற்றுவதானால் மாற்று, எனக்கு ஆட்சேபம் இல்லை, குறி நிற்கிறது என்றால் நிற்கட்டும். கரடி வந்தால் மட்டும் இதை நம்பி நிற்காதே, பெரிய துப்பாக்கியை எடு, அல்லது விமானத்துக்குள் ஏறிக்கொள். அங்கே வெயில் இல்லாத மாதங்களில் வைட்டமின் மாத்திரையை விடாதே, அடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளை எனக்கு அனுப்பு, நான் பார்க்காத ரத்தம் உன்னுடையது ஒன்றுதான்.

எனக்காக ஒன்றே ஒன்று செய். ஜூன் பதினான்காம் தேதி கல்யாணம். உடனே பெயரை மாற்றி எழுதப் போகிறாய் என்று தெரியும், ப்ரின் வாஸ், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விண்ணப்பத்தை அதற்கு முன்னால் போடு. அன்றைய தேதியில் உன் சட்டப்படியான பெயர் எதுவோ அதுதான் செய்தவர் பெயர், அதுதான் உலோகத்தில் ஏறும் என்கிறார் டுவேன். ஊர் கீனாய் என்றே இருக்கட்டும், நீ இருக்கிற ஊர் அதுதான், அதற்கு நான் சண்டை போடவில்லை. உன் அப்பா பெயர் நமக்கு எதிலும் இல்லை, நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரிப் படிவத்தில் என் பெயரைத்தான் எழுதினேன், உனக்குத் தர அப்போது என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு எந்தப் பெயரில் வேண்டுமானாலும் கடிதம் போடு, வாங்கிக்கொள்கிறேன். இதில் மட்டும் ப்ரின் எலிஸ் டாலிவர் என்று ஆழமாக வெட்டச் சொல்.

கிளென்டாவிடம் என் விரல் ரேகைக்கு வேலையில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிடு. கட்டையை அவர் ஏற்கெனவே வாங்கிவிட்டால் வேண்டாம் என்று சொல்லாதே, மனம் கோணும். என்னுடையது லைல் வீட்டில் இருக்கிறது, அனுமதி உன் கையில் வந்த பிறகு எழுது, அனுப்புகிறேன், எது உன் கன்னத்துக்குப் பொருந்துகிறது என்று நீயே வைத்துப் பார்த்துத் தீர்மானித்துக்கொள், அகலமானது என்னுடையது.

உனக்கும் ஆன்செலுக்கும் எல்லா நலமும் நிறைய வேண்டும், வானத்தில் போகும் ஒவ்வொரு தடவையும் பத்திரமாகத் தரை தொட வேண்டும். விண்ணப்பம் மே மாதத்துக்குள், மறந்துவிடாதே.

என்றும் உன் அம்மா,
ஷானா டாலிவர்