தீப எண்ணெய் கலந்த டிரம்

லூனாஸ்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் ஷாமளாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்கள் மூவருக்கும் உடம்புக்குக் குறையில்லை, மனசுதான் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் அந்த ரோட்டர்டாம் குளிரில் நலமாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீ அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்தது, இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நான் எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், தனியாக இருக்கும்போது படி.

நாளைக் காலை உன் தம்பி வசந்தனுக்குக் குருணில் இருக்கும் எண்ணெய் ஆலையில் விசாரணை. சாப்பாட்டுக் கடைகளிலும் நம் கோயில் சமையல்கட்டிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை லாரியில் எடுத்துப்போய்ப் போடுகிறானே, அந்த ஆலைதான். அதைச் சுத்தம் செய்து உங்கள் பக்கம் கப்பல் ஏற்றுகிறார்கள், விமானத்துக்கு ஊற்றும் எண்ணெயாக மாறுகிறதாம். இங்கே டீசலிலும் செம்பனை எண்ணெய் கலந்துதான் வருகிறது, போகப் போக இன்னும் கூட்டுவார்கள், இந்தத் தொழிலுக்கு வருங்காலம் உண்டு என்று நம்பித்தான் ஃபேக்டரி வேலையை விட்டு இதில் இறங்கினான். ஆனால் பழைய எண்ணெய்க்கு அங்கே விலை அதிகம் என்று புது எண்ணெயையே பழசு என்று ஏமாற்றி விற்கிறவர்கள் பெருகிவிட்டதால் வெளிநாட்டுக்காரர்கள் எதையும் நம்புவதில்லையாம், ஒவ்வொரு டிரம்மும் எங்கே எடுத்தது என்று கேட்டுச் சோதித்துப் பார்க்கிறார்கள். போன வாரம் இவன் கொண்டுபோன லோடில் சமையலுக்கு ஆகாத ஏதோ எண்ணெய் கலந்திருக்கிறது, எடை கூட்ட நீதான் ஊற்றியிருக்கிறாய் என்று லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாளைக்குச் சரியான பதில் சொல்லாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், போலீசிலும் புகார் கொடுப்பார்களாம். அவன் வந்து இதைச் சொன்னபோது முகத்தில் ரத்தமே இல்லை.

ஊற்றியது உன் அப்பாதான். திருவிழா முடிந்து விளக்குகளில் மிஞ்சிய எண்ணெயை முன்பெல்லாம் கோயிலுக்குப் பின்னால் மரத்தடியில் விடுவார்கள், இப்போது சுற்றிலும் சிமெண்டு போட்டாகிவிட்டது. சாமிக்கு ஏற்றிய எண்ணெயைச் சாக்கடையில் விடுவதா என்று துணியில் வடிகட்டி, சமையல்கட்டு டிரம்மில் சேர்த்துவிட்டார், கோயில் தலைவர் ஆயிற்றே, யாரைக் கேட்க வேண்டும். கடையில் மலிவாக விற்கும் தீப எண்ணெயில் பாதி பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது, சாப்பிடக் கூடாது என்று போத்தலிலேயே போட்டிருக்கிறது. வசந்தன் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்து, பூஜை மாடத்தில் இருந்த போத்தலை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டு அப்பாவைக் கேட்டேன். ஊற்றினேன், அதற்கென்ன, எரியத்தானே போகிறது என்றார். ஆலைக்கு வந்து இதைச் சொல்லுங்கள் என்றால் முடியாது என்கிறார். கோயிலில் கலப்படம் என்று ஊர் பேசும், நாளைக்கு எவன் நம் கோயிலுக்கு நன்கொடை தருவான் என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது, பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, நல்லது என்று நினைத்துத்தானே செய்தார்.

வசந்தனிடம் மறைக்க மனசு வராமல் சொல்லிவிட்டேன். "விடுங்கம்மா, நான்தான் கலந்தேன்னு சொல்லிக்கிறேன். அப்பா அந்த ஆபிஸ்ல போயி தலைகுனிஞ்சு நிக்க வேணாம் லா" என்றான். அப்படியே போய் அப்பாவிடம் சொன்னேன், சாமிக்குத் தெரியும் என்று ஒரே வார்த்தை. "சாமிக்குத் தெரிஞ்சா போதுமா, ஆலைக்குத் தெரிய வேணாமா" என்று கேட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கோயிலுக்குப் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை.

நான் சொல்லி அவர் என்றைக்குக் கேட்டார், உன் பேச்சுக்குத்தான் மடங்குவார். எட்டு மணிக்கு மேல் வீட்டில் இருப்பார், உனக்கு அங்கே பகலாகத்தான் இருக்கும், கூப்பிடு. அதிகாரம் பண்ணாதே, குரலை உயர்த்தினால் போனை வைத்துவிடுவார். தெரியாமல் செய்ததை வந்து சொன்னால் யாரும் அவரைக் கட்டிப்போட மாட்டார்கள், சொல்லாவிட்டால் பிள்ளை ஆயுசுக்கும் கலப்படக்காரன் என்று பெயர் எடுப்பான், இதை மட்டும் பொறுமையாக எடுத்துச் சொல். இதில் வேலை வேலை என்று நீ சாப்பிடாமல் இருந்துவிடாதே, வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

உங்கள் இருவருக்கும் அம்மன் அருளால் ஒரு குறையும் வராது, நன்றாக இருங்கள். மறக்காமல் கூப்பிடு. கட்டி வந்த நாளிலிருந்து உன் அப்பாவை வெளியில் ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்துப் பேசியதில்லை நான். ஆனாலும் நாளைக் காலை அந்த லாரியில் வசந்தன் தனியாகப் போக மாட்டான், பக்கத்தில் அப்பாவோ நானோ உட்கார்ந்திருப்போம். அது அப்பாவாக இருக்கட்டும் ஷாமளா, என்னைப் போக வைத்துவிடாதே.

இப்படிக்கு
உன் அம்மா
குணவதி