என் கதவு எண்ணில் ஒரு திவ்யா

மே 20, செவ்வாய்.

இன்று தபால்காரர் ஒரு பள்ளிக்கூடக் கடிதத்தை நீட்டினார். என் தெரு, என் கதவு எண். பெயர் மட்டும் திவ்யா, வயது ஐந்து. "இன்னாம்மா, உங்க வூட்ல கொயந்த எதுனா கீதா?" என்று சிரித்தார். என் கணவர் போன பிறகு ஒன்பது வருடமாக இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

மாலையில் ஒருத்தி வந்து அந்தக் கடிதத்தைக் கேட்டாள். வேறு பேட்டைக்காரி, முன்பின் பார்த்ததில்லை. பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால்தான் மகளுக்கு இலவச இடமாம். பஸ்ஸுக்கு நின்றபோது என் கேட்டைப் பார்த்து முகவரியை எழுதிக்கொண்டாளாம். அதிலும் பின்கோடு தப்பு!

"இது திருட்டு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா குட்த்திருப்பீங்களாம்மா?"

"மாட்டேன்."

"அதான்" என்றாள்.

என்ன திமிர்! கடிதத்தைக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அவளே சொன்னாள், நாளை பள்ளியிலிருந்து விசாரிக்க வருகிறார்களாம், குழந்தை இங்கேதான் இருக்கிறதா என்று. கான்வென்ட் நாளிலிருந்து நான் பொய் சொன்னதில்லை. இனியும் சொல்லமாட்டேன். ஆனால் 'இல்லை' என்று சொல்லிப் பார்த்தால் அந்தச் சொல்லும் வாயில் வரமாட்டேன் என்கிறது. அதற்கும் சேர்த்து அவள்மேல்தான் எனக்குக் கோபம்.