குடிக்காதவரின் நடை

செப்டம்பர் 17, 2024, செவ்வாய்

இன்று மறுபடியும் இவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஓணம் முடிந்த கூட்டம். கால் நிலைகொள்ளாமல் ஒரு பெண்மேல் சாய்ந்திருக்கிறார். குடிகாரன் என்று கண்டக்டர் கத்தினானாம். தோப்பும்படியிலிருந்து மட்டாஞ்சேரி வரை நடந்தே வந்தார். முழங்கை முழுக்கச் சிராய்ப்பு. "சாரமில்ல, ஒண்ணுமில்ல" என்றார்.

இவர் வாழ்நாளில் குடித்ததில்லை. ஹன்டிங்டன் என்று ஒரு நோய். மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கைகால் தன்பாட்டுக்கு ஆடும், நாக்குக் குழறும். லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று வேலையை விட்டு எடுத்தார்கள். நோயின் பெயர் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

மாமனார் செல்லப்பாவும் இப்படித்தான் தள்ளாடி நடந்தாராம். தெருவே அவரைக் குடிகாரன் என்றது. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் நோய் என்று டாக்டர் சொன்னபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. மாமனார் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் கழித்து.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதற்காக எவ்வளவு அழுதிருக்கிறேன். இப்போது நினைத்தால்— வேண்டாம், எழுத வேண்டாம்.

செப்டம்பர் 28, சனி

இவரைப் பார்க்கும் டாக்டர் அம்ருதா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருந்தார். நவம்பரில் ஒரு நடைப்பயணம் நடத்துகிறார்களாம். ஃபோர்ட் கொச்சியில் கிளம்பி, எங்கள் பஜார் ரோடு வழியாக மட்டாஞ்சேரி படகுத்துறை வரை. சேரும் நன்கொடை முழுக்க இந்த நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சிக்கு. நோயாளி வீட்டார் முன்னால் நடந்தால்தான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்றார். போஸ்டரில் இவர் படம் போடலாமா என்றும் கேட்டார்.

அந்த மருந்து இவருக்குக் கிடைத்துவிடுமா என்று கேட்டேன். அவர் பொய் சொல்லவில்லை.

"இவருக்குன்னு என்னால சொல்ல முடியாது. இவருக்கு அப்புறம் வர்றவங்களுக்குக் கிடைக்கலாம்."

இவர் தலை ஆடியது. சம்மதமா, நோயா? இப்போதெல்லாம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கேட்டேன். சம்மதம்தான்.

அக்டோபர் 6, ஞாயிறு

இவர் தம்பி பினு வந்தான். மகள் மஞ்சுஷாவுக்குப் பாலக்காட்டில் மாப்பிள்ளை உறுதியாகிவிட்டது, ஜனவரியில் கல்யாணம். நல்ல சேதி சொல்ல வந்தவன் முகத்தில் சிரிப்பில்லை. போஸ்டர் விஷயம் அவன் காதுக்குப் போயிருக்கிறது. என்னை அடுக்களைக்கு அழைத்து மெதுவாகச் சொன்னான்.

"மதினி, அண்ணன் குடிப்பாருன்னுதான் அவங்ககிட்ட சொல்லியிருக்கேன். குடின்னா பொறுத்துக்கிடுவாங்க. ரத்தத்துல வர்ற சூக்கேடு, நோயின்னா எவன் பொண்ணு எடுப்பான்?"

மஞ்சுஷாவுக்காவது தெரியுமா என்றேன். தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றான்.

கோபப்பட நினைத்தேன், முடியவில்லை. அவள் என் மடியில் வளர்ந்த பெண். எனக்கு முன்பே தெரிந்திருந்தால் இவரைக் கட்டியிருப்பேனா?

அக்டோபர் 7

டாக்டருக்குப் போன் செய்தேன். நாங்கள் வரவில்லை, படமும் வேண்டாம். இவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 19, சனி

படம் எடுக்க ஏன் இன்னும் ஆள் வரவில்லை என்று காலையில் கேட்டார். சவரம் செய்துவிடச் சொன்னார். செய்துவிட்டேன். அதற்குமேல் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"எங்கப்பாவ... குடிகாரன்னு சொல்லியே... எடுத்துட்டுப் போனாங்க. என்னையும்... அப்படியே அனுப்பிருவியா?"

அந்தப் புள்ளைக்காகத்தானே செஞ்சேன். இவருக்கு யாரு இருக்கா என்னை விட்டா? ஒருத்தருக்கு நல்லவளா இருந்தா இன்னொருத்தருக்குப் பாவியா இருக்கணுமா?

அக்டோபர் 21

நாங்கள் நடக்கப்போகிறோம் என்று பினுவுக்குச் சொல்லிவிட்டேன். என் மகளின் வாழ்க்கை உங்களுக்கு ஒன்றுமில்லையா என்று கேட்டான். பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டான்.

நவம்பர் 24, ஞாயிறு

நடந்தோம்.

எல்லோருக்கும் மஞ்சள் பனியன். நிறைய இளம்பிள்ளைகள், பாட்டு, செல்ஃபி. பாதிப்பேருக்கு நோயின் பெயர்கூடச் சொல்ல வரவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார்களே. இவர் பனியனின் முதுகில் மட்டும் மலையாளத்தில் இரண்டு வரி, இவரே கேட்டு எழுத வைத்தது: 'நான் குடிக்கவில்லை. இது நோய்.'

பஜார் ரோட்டில் எல்லோரும் தெரிந்த முகங்கள். இவரைப் போல நடந்து காட்டிச் சிரிக்கிற சாயாக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். முதுகைப் படித்தார். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார். இவர் அதைப் பார்க்கவில்லை. கீழே பார்த்து நடந்தால்தான் இவருக்குக் கால் வைக்க முடியும்.

ஒரு மிளகு குடோன் முன்னால் விழுந்துவிட்டார். உதட்டில் ரத்தம். மீதித் தூரம் சக்கர நாற்காலியில்தான். படகுத்துறையில் எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் பனியனைக் கழற்ற விடவில்லை, அப்படியே தூங்கிவிட்டார்.

நவம்பர் 29, வெள்ளி

பாலக்காட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர் படம் யார் யார் போனிலோ சுற்றி அங்கேயும் போயிருக்கிறது.

வேலை முடிந்து மஞ்சுஷா நேரே இங்கே வந்தாள். அவளைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"படத்தப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது பெரியம்மா. அப்பாகிட்ட கேட்டேன், வாயே திறக்கல. கல்யாணம் ஆகி, ஒரு குழந்தையும் ஆனப்புறம் தெரிஞ்சிருந்தா?"

பெரியப்பாவுக்குச் சோறு ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. படியிறங்கிப் போகும்போது மட்டும் துப்பட்டாவால் முகத்தை அழுத்திக்கொண்டாள்.

டிசம்பர் 25

கடைத்தெருவில் பினு எதிரே வந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். இவருக்கு இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. அதுவும் புரையேறுகிறது.

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

காலையில் பினு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. இவர் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டில் பக்கத்தில் நின்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்பாட்டுக்கு ஆடிய வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்திருந்தான். போன தடவை பார்த்ததற்கு இளைத்திருக்கிறான்.

"மதினி, அந்த டாக்டரம்மா என்னிக்குப் பாக்கும்?"

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. புதன்கிழமை என்றேன். சேர்ந்தே போகலாம் என்றேன்.