கூப்பிடாமல் விட்ட பெயர்

பினிலி, இலோகோஸ்
9 மார்ச் 2008

என் மகள் டெல்பினாவுக்கு,

உன் அப்பா அனஸ்தாசியோ சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டு ரெமெடியோஸ் டீச்சர். எனக்கு எழுத்து தெரியாது என்று உன் அம்மா சொல்லியிருப்பாள். அவள், பசிலியா, கண்ணை மூடியதே உன் கடிதத்தில்தான் தெரிந்தது. அன்றைக்கே, செத்தவர்களுக்கு வைக்கிற வழக்கப்படி, அவளுக்கு ஒரு தட்டுச் சோறு சன்னலில் வைத்தேன்.

நாற்பது வருஷம் கழித்து வந்த கடிதம். டீச்சர் வாசிக்க வாசிக்க, அரசாங்க ஆபீசில் உட்கார்ந்தவன்போல் விழித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதியிருந்தது மணிலாக்காரர் பாஷை. ஒரு வருஷம் வகுப்புக்குப் போய்ப் படித்தாயாமே. "பிலிப்பினோ பாஷைன்னு போர்டு போட்டிருந்தா, அதுதான் நம்ம அப்பா பாஷைன்னு அந்தப் பொண்ணு நினைக்காதா?" என்று டீச்சர் உனக்காகப் பரிந்து பேசினாள். சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அஞ்சு வயசு வரை நீ பேசியது நம் ஊர்ப் பாஷை, இலோகானோ. எதிர்வீட்டு வாத்தை ஒரு திட்டுத் திட்டுவாய், அது அப்படியே நினைவிருக்கிறது. எழுத மாட்டேன் என்கிறாள் டீச்சர்.

மணிலா பாஷைமேல் குறையில்லை. டிவியில் அழுகிறவர்கள் எல்லாம் அதில்தான் அழுகிறார்கள். ஆனால் அதில் எனக்குப் பதில் சொல்ல வராது, மகளே.

உன் அப்பா
(பெருவிரல் ரேகை)


ஸ்டாக்டன், கலிபோர்னியா
17 ஆகஸ்ட் 2008

அப்பாவுக்கு,

இது இலோகானோ. நானே எழுதுகிறேன். டீச்சர் திருத்த வேண்டாம், தப்போடு வாசிக்கட்டும்.

எங்கள் சர்ச்சில் உர்சுலா அக்கா என்று ஒருவர், இலோகோஸ்காரர். வாரம் இரண்டு நாள் தன் சமையலறையில் சொல்லித்தருகிறார். தப்பாகச் சொன்னால் கரண்டியைக் காட்டுவார். அம்மா வீட்டில் இந்தப் பாஷையைப் பேச விட்டதே இல்லை. வயல்காட்டுப் பேச்சு என்பாள்.

போன வாரம் நான் கிளம்பியபோது அக்கா வாசலில் நின்று, "டெல்பினா, வா, போலாம். இங்கயே நின்னுடாத" என்றார். நான் திரும்பி வந்தேன். உன்னை இல்லை, உன் உயிரைக் கூப்பிடுகிறேன் என்று சிரித்தார். ஓர் இடத்தை விட்டுப் போகிறவரை அப்படிக் கூப்பிட வேண்டுமாம். இல்லாவிட்டால் உடம்பு மட்டும் போகும், உயிர் அங்கேயே தங்கிவிடும் என்றார்.

அப்பா, எனக்கு அந்த பஸ் நினைவிருக்கிறது. சிவப்பு. வெளியே நின்றவர்கள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். நீங்கள் கம்பத்தருகே நின்றீர்கள். உங்கள் வாய் மூடியிருந்தது. ஏன்?

டெல்பினா


பினிலி
21 செப்டம்பர் 2008

மகளே,

பஸ் சிவப்பில்லை, பச்சை. 1968, மே பதினாலு, செவ்வாய்க்கிழமை. உனக்கு மஞ்சள் கவுன். இடது செருப்பு வார் அறுந்திருந்தது. சணல் நூலால் நான்தான் கட்டிவிட்டேன்.

உன் அம்மாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் குடித்தேன். அவளுக்கு நல்லபடியாக ஒருத்தன் கிடைத்தான், அமெரிக்காவுக்கு அழைத்தான். பஸ் ஏறுமுன் என்னிடம் வந்து, "புள்ளைய கூப்பிட்டு அனுப்புய்யா. அப்பன் நீதான் கூப்பிடணும்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறதியில்லை. வேண்டுமென்றேதான். உடம்பை அவள் கொண்டுபோகட்டும், உயிர் என்னோடு இருக்கட்டும், அதைத் தேடிக்கொண்டு என்றைக்காவது நீ வருவாய் என்று நினைத்தேன். அஞ்சு வயசுப் பிள்ளையிடம் திருடினேன். அன்றிலிருந்து தினமும் மேஜையில் உனக்கு ஒரு தட்டு. சோறு, கத்தரிக்காய், இருந்தால் முட்டை. அந்தப் பக்கம் நீ உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது டீச்சர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

உன் அப்பா
(பெருவிரல் ரேகை)


ஸ்டாக்டன்
2 நவம்பர் 2008

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து பேனாவைத் தொடவில்லை. கோபம். இந்தப் பாஷையில் எப்படிக் கோபப்படுவது என்று உர்சுலா அக்காவிடம் கேட்டேன். "அப்பன்மேல கோபப்படவெல்லாம் நான் சொல்லித்தர மாட்டேன், போ" என்றார்.

எனக்குச் சின்ன வயசிலிருந்தே தூக்கம் வராது. இரண்டு முறை கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள், நீ இங்கே இல்லவே இல்லை என்று. டாக்டர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள்.

பிப்ரவரியில் வருகிறேன். பத்து நாள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். திரும்பும்போது என்னைக் கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிட்டால் எனக்குப் புரிய வேண்டும், அதற்காகத்தான் இத்தனை படிப்பும்.

டெல்பினா


பினிலி
14 நவம்பர் 2009

மகளே,

நீ போன பிறகு எழுதும் மூன்றாவது கடிதம் இது.

பத்து நாளும் என்னோடு உட்கார்ந்து, சந்தைக்குப் பூண்டைத் தாளோடு சரம் சரமாகப் பின்னினாய். டீச்சரோடு சண்டை போட்டாய். அந்த வாத்துத் திட்டைச் சொல்லிக் கொடுத்தேன், தெருவே சிரித்தது. சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பஸ் வந்தபோது என் நாக்கு பழையபடி ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவையும் வாயை மூடிக்கொண்டால் நீ மறுபடி வருவாய். நீ சன்னலோரம் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

கூப்பிட்டேன். "டெல்பினா, வாம்மா, போலாம். இங்கயே நின்னுடாத." மூன்று தடவை. கடைசித் தடவை டிரைவரே திரும்பிப் பார்த்தான். உன் தோள் இறங்கியது. பஸ் நகருமுன்பே தூங்கிவிட்டாய்.

ஏப்ரலில் உன் தபால் அட்டை வந்தது. இங்கிலீஷில் இருந்தது. டீச்சர்தான் மாற்றிச் சொன்னாள்: நன்றாகத் தூங்குகிறேன், வேலை அதிகம், உர்சுலா அக்கா வீட்டுக்குப் போக நேரமில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. "நம்ம பாஷையில ஒரு வரி எழுதினா கை ஒடிஞ்சுடுமா அவளுக்கு?" என்று டீச்சருக்குக் கோபம். "விடு டீச்சர், நான் சரியாத்தான் கூப்பிட்டிருக்கேன்" என்றேன்.

நீ போன மறுநாளும் மேஜையில் உன் தட்டை வைத்தேன். இத்தனை நாளும் வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. சோறு சும்மா ஆறுகிறது. இன்று காலை தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவிட்டேன்.

பதில் வேண்டாம். நன்றாகத் தூங்கு.

உன் அப்பா
(பெருவிரல் ரேகை)